காசிநாதன் போட்ட ஐம்பத்தேழு கூறு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நானாகத் தேடிப் போகவில்லை. பஹ்ரைனிலிருந்து சுதாகர் என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். அங்கே மீன்பிடிப் படகில் வேலையாம். 'பஹ்ரைன் வாழ் சவுக்குமேடு மீனவர் நலச் சங்கம்' என்று ஒன்று வைத்திருக்கிறார்களாம், அதற்கு அவர்தான் தலைவராம். ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்கு அவர்கள் சேர்க்கும் நிதிக்கு ஐந்து வருடம் நிறைகிறது, அதற்காக மலர் போடுகிறார்கள். 'நிதி வளர்ந்த வரலாறு' என்று நாலு பக்கம் நான் எழுதித் தர வேண்டும். என் எண்ணை உங்களுக்கு யார் கொடுத்தது என்று கேட்டேன். ஒரு பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை இப்போது உங்களிடம் சொல்ல மாட்டேன். சொன்னால் கதை இந்தப் பக்கத்திலேயே முடிந்துவிடும்.

அந்த நாலு பக்கத்துக்கு மூன்று மாதம் ஆயிற்று. எழுதி முடித்தபோது அது மலருக்கு ஆகாது என்று தெரிந்துவிட்டது. அதனால் உங்களிடம் வந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். என் வலது தோள் இறுகிப்போய் ஐந்து மாதமாகிறது. கை, காது மட்டத்தைத் தாண்டாது. சட்டை மாட்டிக்கொள்ள மனைவியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது, அவள் ஒவ்வொரு தடவையும் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் மாட்டிவிடுகிறாள். ஊரப்பாக்கத்தில் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் உட்கார்ந்து இடது கையின் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். நடுநடுவே எழுந்து போய்ச் சுவரில் வலது கை விரல்களால் மேலே ஏறி இறங்க வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து ஏற்றம், வைத்தியம் அப்படி. போகும்போது வாக்கியம் பாதியில் நிற்கும். திரும்பி வந்து அதைச் சரிசெய்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

சவுக்குமேடு நான் வைத்த பெயர். மாமல்லபுரத்துக்கு அக்கம்பக்கத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு தேடிப் போகாதீர்கள்.

2

தொடக்கங்கள்:

"கடல் அன்று அமைதியாக இரு—"

வேண்டாம். கடலை வைத்துத் தொடங்குகிறவன் ஆட்களைப் போய்ப் பார்க்கச் சோம்பல்பட்டவன்.

"தாய்மண்ணைப் பிரிந்து கடல் கடந்து வாழ்ந்தாலும் தமிழ் மீனவனின் நெஞ்சம் என்றென்று—"

இது சுதாகருக்குப் பிடிக்கும். எனக்கு இதை எழுதியதும் நன்றாக இருந்த இடது தோளும் வலித்தது.

"காசிநாதன் எட்டாவது ஃபெயில்."

உண்மைதான். ஆனால் அவரே இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் முதல் வேலையாகச் சொல்லிவிடுகிறார். அதை நான் வேறு சொல்ல வேண்டுமா?

ஆகவே சவப்பெட்டியிலிருந்து தொடங்குகிறேன். நல்லபடியாகப் போகிற கதைக்கு இது சரியான ஆரம்பம் இல்லைதான். என்ன செய்வது, நிதி அங்கேதான் ஆரம்பித்தது.

3

பஹ்ரைனில் சவுக்குமேட்டு ஆட்கள் இருபத்தேழு பேர். வெள்ளிக்கிழமைதோறும் சுதாகரின் அறையில் கூடுவார்கள். மாதத்தின் முதல் வெள்ளி ஆளுக்கு இரண்டு தினார். அந்தப் பணத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் பெட்டிக் காசு. யாராவது செத்துப்போனால் உடலைப் பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்ப வேண்டும் அல்லவா, அதற்கு. கொரோனாவில் அந்தப் பணம் மொத்தமும் கரைந்துபோயிற்று. அதற்குப் பிறகு மறுபடி சேர்த்தார்கள். ஒன்றரை வருடம் சேர்ந்தது. அந்த ஒன்றரை வருடமும் ஒருவரும் சாகவில்லை.

இதை ஒரு வெள்ளிக்கிழமை சுதாகர்தான் கவனித்தார். சும்மா கிடக்கிற பணத்தைப் பார்த்து அவருக்கு முதலில் பயமாக இருந்ததாம், யாருக்காகவோ காத்திருக்கிற மாதிரி. பிறகுதான் அந்த யோசனை வந்தது. ஊருக்குத் திரும்பிவிட்ட காசிநாதனுக்கு அன்றைக்கே போன் போட்டார்.

"செத்தவன அனுப்ப வெச்ச காசு அண்ணாத்த. எவனும் சாவல. உசுரோட கீற ஒருத்தருக்குப் போவட்டும்."

காசிநாதன் பஹ்ரைனில் பத்தொன்பது வருடம் வலை இழுத்தவர். சங்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர். ஊருக்கு வந்த பிறகு கோவளத்துக்கும் கேளம்பாக்கத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஊர்ப் பக்கத்துச் சங்க வேலை எல்லாம் அவர் தலையில்தான். யாருக்குக் கொடுப்பது என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. இருசப்பனின் மகள் பரிமளா பன்னிரண்டாவதில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். ஜி.எஸ்.டி. ரோட்டோரம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கட்டணம் கட்டப் பத்து நாள்தான் பாக்கி.

(என்ன படிப்பு என்று இப்போது கேட்காதீர்கள். காரணம் இருக்கிறது. சுவருக்குப் போய்விட்டு வரு)

4

இந்த இடத்தில் கூறு போடுவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கட்டுரை மாதிரி இருக்கும், ஒரு பத்தி பொறுத்துக்கொள்ளுங்கள்.

சவுக்குமேட்டில் பெரிய வலை இழுத்தால் வந்த மீனை மணலில் கூறு கூறாகக் குவிப்பார்கள். வீட்டுக்கு ஒரு கூறு. எந்தக் கூறு எந்த வீட்டுக்கு என்று யாரும் பார்த்து எடுக்கக் கூடாது. ஒருவர் கூறுகளுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நிற்பார். இன்னொருவர் ஒரு கூறைக் கைநீட்டிக் காட்டி, "இது யாருக்கு?" என்பார். கடலைப் பார்க்கிறவர் ஒரு பெயர் சொல்வார். அந்தக் கூறு அந்த வீட்டுக்கு. பெரிய மீனோ பொடி மீனோ, கேள்வி கிடையாது. காட்டுகிறவருக்குப் பெயர் தெரியாது, சொல்கிறவருக்குக் கூறு தெரியாது. இதைவிட நியாயமான ஏற்பாட்டை நான் எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை, முப்பத்தோரு வருடம் அலுவலகத்தில் இருந்திருக்கிறேன்.

பணம் வந்ததும் காசிநாதன் நேரே கல்லூரியில் போய்க் கட்டியிருக்கலாம். கட்டவில்லை. ஊருக்கு வந்ததை ஊர்க் கூட்டத்தில் சொல்லாமல் எப்படி? ஞாயிற்றுக்கிழமை கடற்கரை மீன் ஏலக் கூடத்தில் ஊர் கூடியது. காசிநாதன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். சங்கத்தின் பெயரைச் சொல்லி, சுதாகரின் பெயரைச் சொல்லி, பணத்தை ஒரு தாம்பாளத்தில் வைத்து, எல்லோர் முன்னாலும் இருசப்பனிடம் நீட்டினார். கௌரவமாகச் செய்கிறோம் என்றுதான் நினைத்தார். பத்தொன்பது வருடம் வெளியே இருந்ததில் ஒன்றை மறந்திருந்தார். அந்த ஊரில் ஐம்பத்தாறு வீடு பார்த்துக்கொண்டிருக்க ஒரு வீடு கை நீட்டி வாங்காது.

இருசப்பன் எழுந்தார். தட்டைத் தொடவில்லை.

"இது ஊர் பேர்ல வந்தது காசி. ஊருக்கு வந்தத ஒரு வூடு எடுத்துகினு போனா நல்லா இருக்காது. கூறு போடு."

யாரும் மறுத்துப் பேசவில்லை. பேராசையால் பேசாமல் இருந்தார்கள் என்று எழுதினால் அது பொய். வேறு மாதிரி யாருக்குமே தோன்றவில்லை, அவ்வளவுதான். ஐம்பத்தேழு உறைகள் தரையில் வரிசையாக வைக்கப்பட்டன. எல்லா உறையிலும் ஒரே தொகைதான், யாருக்கு எது போனால் என்ன? ஆனாலும் முறைப்படி ஒருவர் கடலைப் பார்த்து நிற்க வேண்டும் என்றார்கள். இருசப்பனே நின்றார். காசிநாதன் ஒவ்வொரு உறையாகக் காட்டி "இது யாருக்கு?" என்று ஐம்பத்தேழு தடவை கேட்டார். முப்பத்தொன்றாவது தடவை இருசப்பன் தன் பெயரைச் சொன்னார். குரலில் ஒரு மாற்றமும் இல்லையாம். காசிநாதன் முப்பத்திரண்டாவது உறையைக் காட்டினார்.

வீட்டுக்கு மூவாயிரத்து ஐந்நூறு. கட்டணம் கட்டும் கடைசி நாள் வந்தது, போனது.

5

இருசப்பனைப் பற்றி ஒரு ஐயம்.

முதல் வரைவில் அவரைக் குடிகாரராக்கியிருந்தேன். மகளின் படிப்பை அப்பனே கெடுத்தான் என்றால் வாசகர்களுக்குக் கோபப்பட வசதியாக இருக்கும், எனக்கும் இரண்டு பக்கம் மிச்சம். ஆனால் அவரை நேரில் பார்த்துவிட்டேன். டீயைக்கூட ஆறவைத்துக் குடிக்கிற மனிதர். மகளின் கல்லூரி அனுமதிக் கடிதத்தை லேமினேட் செய்து டி.வி.க்கு மேல் வைத்திருக்கிறார். அன்றைக்கும் அது அங்கேதான் இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் 'கூறு போடு' என்றிருக்கிறார்.

இரண்டாம் வரைவில் அவரைத் தியாகியாக்கினேன். அதுவும் சரிப்படவில்லை. தன் பொருளை விட்டுக்கொடுப்பவன்தான் தியாகி. அவர் விட்டுக்கொடுத்தது மகளுடையதை. அது அவருக்கும் தெரிந்திருந்தது என்று அவர் மனைவி செங்கம்மாள் சொன்னார். ஒரு மாதம் மகளின் முகத்தைப் பார்த்து அவர் சாப்பிடவில்லையாம்.

இந்த வரைவில் அவரை அவராகவே விட்டுவிட்டேன்.

6

பரிமளா கேளம்பாக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் பில் போடும் வேலைக்குப் போனாள். போவதற்கு ஷேர் ஆட்டோ. எத்தனையோ ஆட்டோ ஓடினாலும் அவள் கிளம்பும் நேரத்துக்குக் கோவளத்தில் நிற்பது பாதி நாள் காசிநாதனின் ஆட்டோதான்.

ஏறுவாள். ஓரத்தில் உட்காருவாள். "வரேன் மாமா" என்று இறங்குவாள். காசிநாதன் காசு வேண்டாம் என்பார். அவள் எதுவும் சொல்லாமல் ஸ்டியரிங் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று காசிநாதன் என்னிடம் சொன்னார். வண்டி ஓட்டிக்கொண்டே நாலு பேர் முன்னால் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்ததாம். தூசி விழுந்தது என்று நாலு பேரும் நம்பினார்களாம். அவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள்.

பஹ்ரைனில் வேறு கூத்து. ஐம்பத்தேழு உறைகளை யாரோ படம் பிடித்துக் குழுவில் போட்டுவிட்டார்கள். சுதாகர் மூன்று நாள் போன் செய்யவில்லை. நாலாம் நாள் செய்தார்.

"பொட்டிக்குப் போவ வேண்டிய காசு அண்ணாத்த அது. புள்ளைக்குப் போவட்டும்னு மனசார குடுத்தோம். நீ வூட்டுக்கு ஒரு மிக்ஸி வாங்கிக் குடுத்துட்டு வந்து நிக்கிற. நாளைக்கி இங்க ஒருத்தன் வுழுந்தா இன்னாத்த வெச்சி அனுப்பறது?"

அந்த இருபத்தேழு பேரையும் காசிநாதனுக்குத் தெரியும். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்த அழுத்தம் என்பதுகூடத் தெரியும்.

அடுத்த வருடத்துக்கு மறுபடியும் சேர்க்கலாமா என்று அங்கே வாக்கெடுப்பு நடந்தது. பதினான்கு பேர் சேர்க்கலாம் என்றார்கள், பதின்மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். ஒரு தடவை, கடைசித் தடவை என்று முடிவாயிற்று. நேரே கல்லூரியில் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை.

காசிநாதன் இருசப்பனைத் தனியாகப் போய்ப் பார்த்தார். படகடியில் உட்கார்ந்து பேசினார்கள். தெரியாமல் கட்டிவிடலாம், யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றார் காசிநாதன்.

"அம்பத்தாறு வூட்டு மூஞ்சில முழிக்கணும் மச்சான் நானு. நீ கட்டுனீன்னா நான் போயி திருப்பி வாங்கியாந்துடுவேன்."

திருப்பி வாங்கிக்கொண்டு வந்திருப்பார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

(சுவர். பத்து. ஏழோடு வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லாதீர்கள்.)

7

இனி வருவதுதான் கதையின் திருப்பம் என்று காசிநாதன் சொல்கிறார். இதில் எனக்கு அவர்மேலேயே கொஞ்சம் சந்தேகம். மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் மீன் மாறியது. முதலில் கவலை மீன் என்றார், பிறகு இறால், கடைசியில் வஞ்சிரம். மற்றதெல்லாம் மாறவில்லை என்பதால் எழுதுகிறேன்.

அந்த டிசம்பர் புயலில் தீனதயாளன் என்பவரின் ஃபைபர் படகு தடுப்புக் கல்லில் மோதி இரண்டாகப் போயிற்று. ஒரு வாரம் கழித்துக் கடல் அடங்கி, பெரிய வலையில் நல்ல மீன் பட்டது. கூறு போட்டார்கள். பெயர் சொல்லி அவரவர் கூறை அள்ளினார்கள். போகும் வழியில் மணலில் ஒரு அன்னக்கூடை வைத்திருந்தது. பெண்கள் மீன் விற்கக் கொண்டுபோகும் அகலமான அலுமினியக் கூடை. கடந்து போகிறவர்கள் தங்கள் கூறிலிருந்து அதில் கொஞ்சம் போட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு மீனோ பாதிக் கூறோ, அவரவர் விருப்பம். போடாதவரையும் யாரும் பார்ப்பதில்லை. படகு உடைந்தால் சவுக்குமேட்டில் இது வழக்கம்.

தீனதயாளன் முறை வந்தது. அவரும் தன் கூறை எடுத்துக்கொண்டார். கூடையில் ஒன்றும் போடாமல் தாண்டிப் போனார். படகு உடைந்தவர் போட மாட்டார். அதுதான் அடையாளம். "ஆமாம், உடைந்தது, எனக்கு வேண்டும்" என்பதை அந்த ஊரில் வாயால் சொல்ல வேண்டியதில்லை. கூடையைத் தாண்டி நடந்தால் போதும். அவர் தாண்டும்போது எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் யாரோ கூடையை அவர் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

காசிநாதன் தன் பங்கைக் கூடையில் போட்டுவிட்டு (கவலை, இறால் அல்லது வஞ்சிரம்) அங்கேயே நின்றுவிட்டார். எத்தனை நேரம் நின்றார் என்று அவருக்குத் தெரியாது. மனைவி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாராம்.

8

அடுத்த ஜூன். பரிமளாவுக்கு அதே கல்லூரியில் மறுபடியும் இடம் கிடைத்திருந்தது. பணத்தைத் தனக்கே அனுப்பச் சொன்னார் காசிநாதன். சுதாகர் மாட்டேன் என்றார். ஒரு வாரம் இழுத்தது. எப்படிச் செய்யப் போகிறாய் என்று சுதாகர் கேட்க, இவர் சொன்னார். பிறகு சுதாகர், இது நடக்காவிட்டால் நீ சங்கத்தில் இல்லை, நானும் இல்லை என்று மட்டும் சொல்லிப் பணத்தை அனுப்பிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை. ஏலக் கூடம். இந்தத் தடவை காசிநாதன் பழைய சட்டையோடுதான் போனார். தட்டு இல்லை. ஐம்பத்தேழு உறைகளைத் தரையில் அடுக்கினார். போன வருடத்து மாதிரிதான் என்று கூட்டம் சிரித்தது. வாசலுக்குப் போகும் வழியில் ஒரு அன்னக்கூடையை வைத்தார். சிரிப்பு நின்றது. கூடை எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். யாருடைய படகும் உடையவில்லை என்பதும் தெரியும்.

காசிநாதன் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். எட்டாவது ஃபெயில் ஆனவர், கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். அந்த ஒரு வாக்கியத்தை ஆறு மாதம் ஆட்டோ ஓட்டிக்கொண்டே சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

"இருசப்பன் வூட்டுல ஒரு போட்டு ஒடஞ்சி கீது."

இருசப்பனின் படகு வெளியே மணலில் முழுசாக நின்றுகொண்டிருந்தது. கூடத்திலிருந்து பார்த்தாலே தெரியும். யாரும் திரும்பி அதைப் பார்க்கவில்லை. இருசப்பனும் பார்க்கவில்லை.

தீனதயாளன் எழுந்து போய்க் கடலைப் பார்த்து நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

"இது யாருக்கு?"

"வேண்டாவுக்கு."

முதல் பெயரே அதுதான். வேண்டா தனி ஆள், புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். கோவளம் பஸ் நிறுத்தத்தில் மீன் விற்கிறவர். அந்தப் பணம் அந்த வீட்டுக்கு ரொம்பவே தேவை. வேண்டா உறையை எடுத்துக்கொண்டார். கூடையருகே வந்து, இடுப்பிலிருந்த சுருக்குப் பையையும் பிரித்து, அதிலிருந்து கொஞ்சம் எடுத்து, இரண்டையும் சேர்த்துப் போட்டார். போட்டுவிட்டு, மத்தியானம் பஸ் பிடிக்க வேண்டும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

பிறகு ஒவ்வொருவராக. சிலர் உறையை அப்படியே போட்டார்கள். சிலர் பிரித்துப் பாதியை எடுத்துக்கொண்டு மீதியைப் போட்டார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை, மீனிலும் அப்படித்தான். நாலைந்து பேர் உறையை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு வேகமாகத் தாண்டினார்கள். காசிநாதன் அப்போதெல்லாம் கடலைப் பார்த்தார். அவர்கள் வீட்டில் எது உடைந்திருக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

நாற்பத்து நான்காவது உறை.

"இது யாருக்கு?"

"இருசப்பனுக்கு."

இருசப்பன் வந்தார். உறையை எடுத்தார். கூடையை நோக்கி நடந்தார். அதில் போட்டுவிட்டால், "என் படகு உடையவில்லை" என்று அர்த்தம். அதன்பிறகு அந்தக் கூடை அவர் வாசலுக்குப் போக முடியாது. சங்கம் கலையும், பெட்டிக் காசும் போய்விடும். மகள் மருந்துக் கடையிலேயே இருந்துவிடுவாள். போடாமல் தாண்டினால், ஐம்பத்தாறு வீட்டுக்கு முன்னால், வாழ்க்கையில் முதல் தடவையாக, "எனக்கு வேண்டும்" என்று சொன்னதாக ஆகும்.

கூடைக்கு எதிரே வந்து நின்றார். உறை கையில் இருந்தது. கூடத்தில் எல்லோரும் கடலைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

இருசப்பன்

9

வாக்கியம் தெரியாமல் நின்றுவிடவில்லை. நான்தான் நிறுத்தினேன். மூன்று மாதம் தாமதமானது இந்த இடத்தில்தான். என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன. மூன்றையும் கூறு போட்டு வைக்கிறேன்.

முதல் கூறு. இருசப்பன் உறையைக் கூடையில் போடுகிறார். போட்டுவிட்டு வெளியே போய்ப் படகைக் கடலில் தள்ளுகிறார். காசிநாதன் கூடையைத் தூக்கிக்கொண்டு போய் மொத்தத்தையும் பஹ்ரைனுக்குத் திருப்பி அனுப்புகிறார். இதுவும் அவமானமான முடிவு இல்லை. பெட்டிக் காசு பெட்டிக்காகக் காத்திருக்கும். இப்படி முடித்தால் இலக்கியம் என்பார்கள், எனக்கு விருதுகூட வரலாம்.

இரண்டாம் கூறு. பரிமளா ஓடி வருகிறாள். அப்பாவின் கையைப் பிடிக்கிறாள். "நைனா, எனக்காக இந்த ஒரு தட—" இல்லை. அன்றைக்கு அவளுக்கு ஞாயிறு டியூட்டி. கேளம்பாக்கத்தில் யாருக்கோ இருமல் மருந்துக்குப் பில் போட்டுக்கொண்டிருந்தாள். ஊரில் நடப்பதை அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. இந்தக் கூறைக் கலைத்துவிடுகிறேன்.

மூன்றாம் கூறு. இருசப்பன் தாண்டிப் போகிறார்.

சுதாகருக்கு இந்த மூன்றாவதுதான் வேண்டும், கூடவே ஒரு புகைப்படமும். காசிநாதனுக்கோ முதல் வருடக் கதையே மலரில் வரக் கூடாது. "நான் தட்டு நீட்டுனத எழுதாதீங்க சார், பசங்க சிரிப்பானுங்க" என்று கெஞ்சினார். தட்டு இல்லாவிட்டால் கூடை எதற்கு என்று கேட்டேன். கிளம்புகிறேன் என்றார். சவாரி இருக்கிறது என்றார்.

ஆகவே நான் இந்தக் கதையை முடிக்க மாட்டேன். இருசப்பன் அங்கேயே நிற்கட்டும் என்று எழுதி வைத்துவிட்டேன்.

10

போன வியாழக்கிழமை வழக்கம்போலத் தோளுக்குப் போனேன். ஜி.எஸ்.டி. ரோட்டோரம் ஒரு கல்லூரி. அதன் மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவு. கடைசி வருட மாணவர்கள்தான் முதலில் பார்ப்பார்கள். ஐந்து மாதமாக என் தோளைப் பார்ப்பது ஒரே பெண். என்னைச் சுவரில் ஏறச் சொன்னவள் அவள்தான். சுதாகருக்கு என் எண்ணைக் கொடுத்தவளும் அவள்தான்.

சுவர் அருகே என்னை நிறுத்தி எண்ணச் சொல்லிவிட்டு, என் போனை வாங்கி இதுவரை எழுதியதைப் படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏழோடு நான் நிறுத்தியதை மட்டும் கவனித்துவிட்டு, இன்னும் மூன்று என்றாள். படித்து முடித்து போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எங்க நைனாவ எதுக்கு சார் இவ்ளோ நேரம் நிக்க வெச்சிகினு கீறீங்க? அவரு நின்னது ஒரு நிமிசம்கூட இல்லியாம்."

அப்புறம் தோளில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே சொன்னாள். அன்றைக்கு வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் அன்னக்கூடை இருந்ததாம். மேலே ஒரு துண்டு போட்டு மூடியிருந்ததாம். அம்மா நாளை வியாபாரத்துக்குக் கழுவி வைத்திருக்கிறார் என்று நினைத்துக் காலால் ஓரமாகத் தள்ளியிருக்கிறாள். கனமாக இருந்ததால்தான் துண்டை எடுத்துப் பார்த்தாளாம். உள்ளே இருசப்பன் டி.வி. போடாமல் டி.வி.யையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் அந்த உறை இருந்தது. அதை அவர் இன்னும் செலவு செய்யவில்லையாம்.

எனக்குக் கண் கலங்கியது. வலிக்கிறதா சார் என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

11

இது முடிவு இல்லை. எல்லாம் முடிந்தபிறகு காதில் விழுந்த செய்தி. நான் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். அவள் சொன்னாள்.

மலருக்குத் தேவையான தகவல்கள் இவை: இரண்டாம் வருடத்திலிருந்து பஹ்ரைன் பணம் வந்தால் முதலில் கூறு, பிறகு கூடை. கட்டணத்துக்கு மேல் மிஞ்சுவது நிதியில் சேர்கிறது. பெரிய வலை போட்டால் நிதிக்கென்று ஒரு கூறு தனியாகக் குவிக்கிறார்கள். பெட்டிக் காசைத் தனியே எடுத்து வைத்தாயிற்று. நாலு வருடத்தில் ஒரு தடவைதான் அதைத் தொட வேண்டி வந்தது. ஒன்பது பிள்ளைகள் படிக்கிறார்கள். வேண்டாம் என்ற பதின்மூன்று பேரும் இப்போது மூன்று தினார் கொடுக்கிறார்கள். சுதாகர், இது போதுமல்லவா?

எனக்கு மீதி இருப்பது வருகிற ஞாயிற்றுக்கிழமை. வேண்டாவின் பெரிய மகள் பிரபாவுக்குச் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அன்றைக்கு முதல் ஆளாகக் கூடையில் போட்ட வேண்டாவின் வீட்டில் இப்போது ஒரு படகு உடைந்திருக்கிறது. நாலு வருடமாக ஒவ்வொரு தடவையும் போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார். கொடுத்தே பழகிய கை. இந்தத் தடவை ஒன்றும் போடாமல் தாண்டுவாரா? காசிநாதனைக் கேட்டேன். தெரியாது சார், பயமாக இருக்கிறது என்றார். இருசப்பனைக் கேட்டேன். அன்றைக்குத் தானே கடலைப் பார்த்து நிற்கப் போவதாகச் சொன்னார். பரிமளாவைக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள் சார், அதற்குள் பத்து ஏற்றமும் முடிய வேண்டும் என்றாள்.

நான் போகப் போவதில்லை. போனால் எழுதிவிடுவேன்.

நீங்கள் போங்கள். இல்லையென்றால் இங்கேயே, கொஞ்சம் திரும்பி, கடல் எந்தப் பக்கம் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அந்தப் பக்கம் பார்த்து நில்லுங்கள். என் மேஜையில் கதையின் முடிவு ஒரு கூறாகக் கிடக்கிறது. நான் எழுந்து அதைக் காட்டுகிறேன். இடது கையால் இல்லை, வலது கையால். பாருங்கள், தோளைத் தாண்டி, காதைத் தாண்டி, மேலே போய்விட்டது. பத்து.

இது யாருக்கு?